பழைய காரின் பம்பருக்குப் புதுப் பெயின்ட்: செலவழிக்கும் முன் ஒரு கணக்கு

மலையக நகரங்களில் சிறு வியாபாரம் செய்யும் ஒரு குடும்பத்தின் சொத்துக்களைக் கணக்கிட்டால், கடைச் சரக்குக்கும் கொஞ்சம் நகைக்கும் அடுத்ததாகப் பெரும்பாலும் ஒரு பழைய வாகனமே நிற்கும். காலையில் கடைக்குச் சரக்கு ஏற்றுவதும், பகலில் ஹயருக்குப் போவதும், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அதே வாகனம்தான்.

2020 மார்ச் மாதத்தில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், அவ்வருட மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களை மீண்டும் இறக்குமதி செய்ய 2025 பெப்ரவரியில்தான் வழி பிறந்தது. அதுவும் கடுமையான வரிகளுடன். ஆகவே, இருபது முப்பது வருடப் பழைய காரை வைத்திருப்பவர் அதை விற்றுவிட்டுப் புதியது வாங்குவதை விட, இருப்பதைப் பேணிக் காப்பதே அறிவு என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். 1977இல் திறந்த பொருளாதாரம் வருவதற்கு முன்னர், மொரிஸ் மைனரையும் ஒஸ்டினையும் எமது முன்னோர் வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்ததும் இத்தகைய நெருக்கடியால்தான்.

பேணிக் காப்பது என்றவுடன் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது எஞ்சின் அல்ல, தோற்றம்தான். வெளுத்துப்போன கறுப்பு பம்பர், மங்கிய குரோம், உரிந்த கண்ணாடி மூடி, வெடித்த பீடிங் ஆகியவற்றுக்கு ஒரு கோட் பெயின்ட் அடித்துவிட்டால் கார் புதிதாகிவிடும் என்று நினைக்கிறோம். முழுக் காருக்கும் பெயின்ட் அடிப்பதோடு ஒப்பிட்டால் இது சின்னச் செலவு. ஆனால் யோசிக்காமல் செய்தால், செலவழித்த காசும் போய், காரின் பெறுமதியும் குறைந்துவிடும். கைக்காசை வெளியே எடுக்கும் முன்னர் பார்க்க வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

முதலில், அது எதனால் ஆனது?

காரின் உடலோடு சேராத வெளி அலங்காரப் பகுதிகளையே 'ட்ரிம்' என்கிறோம். பம்பர், எமது பேச்சு வழக்கில் 'பஃபர்', அதில் பிரதானமானது. கிரில், பக்கக் கண்ணாடியின் மூடி, கதவுக் கைபிடி, பக்கவாட்டு பீடிங், சில்லு மூடி என்பன ஏனையவை. இவை எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் கிடையாது.

பழைய ஆங்கிலக் கார்களின் பம்பர் உருக்கு இரும்பு. அதன் மேல் நிக்கலும், நிக்கலின் மேல் குரோமும் பூசப்பட்டிருக்கும். எம்பளம், கைபிடி போன்றவை பல கார்களில் நாகக் கலப்பு வார்ப்பு. பீடிங் அலுமினியமாகவோ துருப்பிடிக்காத உருக்காகவோ இருக்கலாம். 1972இல் வெளிவந்த ரெனோல்ட் 5 காருக்குப் பிறகு பிளாஸ்டிக் பம்பர் உலகெங்கும் பரவியது. எமது தெருக்களில் இன்றும் ஓடும் மாருதி 800 போன்றவற்றில் நாம் காணும் கறுப்பு பம்பர் அந்த வகை. அதில் பல பெயின்ட் அடிக்கப்படாதவை. கறுப்பு நிறம் பிளாஸ்டிக்கின் உள்ளேயே கலந்திருக்கும்.

ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் பிளாஸ்டிக், அலுமினியம், நாகம், துருப்பிடிக்காத உருக்கு இவற்றில் ஒன்று. பம்பரைக் கழற்றி உட்புறம் பார்த்தால், பிளாஸ்டிக்கின் வகையைக் குறிக்கும் எழுத்துக்கள் பலவேளைகளில் அச்சிடப்பட்டிருக்கும். பெயின்ட் பாஸிடம் பேசுவதற்கு முன்னர் இந்த விபரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மலைநாட்டின் வெயிலும் ஈரமும்

கரையோரத்தில் காரைத் தின்பது கடலின் உப்புக் காற்று. எமது மலைகளில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவேதான் பழைய குரோம் இங்கு கொஞ்சம் நீண்ட காலம் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் வேறு இரண்டு எதிரிகள் இங்கு உள்ளன.

ஒன்று வெயில். குளிராக இருக்கிறதே, வெயில் என்ன செய்யும் என்று நினைப்பது தவறு. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வேகம் சுமார் பத்து வீதம் கூடுகிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. முகில் விலகிய பகலில் அங்கு விழும் கதிர் கொழும்பை விட உறைப்பானது. கறுப்பு பிளாஸ்டிக் சாம்பல் நிறமாக வெளுப்பது இதனால்தான். அழுக்கல்ல, மேற்பரப்பே சிதைந்திருக்கிறது.

மற்றது ஈரம். மூடுபனி, பின்னேர மழை, தோட்டத்துப் பாதையின் சேறு ஆகியவை பம்பரின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு நாட்கணக்கில் காயாமல் கிடக்கும். மரக்கறித் தோட்டங்களுக்கு உர மூட்டை ஏற்றும் வாகனமாக இருந்தால் சிந்திய உரமும் சேர்ந்துகொள்ளும். உரத்தின் உப்பு ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பை வேகமாக அரிக்கும். துரு எப்போதும் நாம் பார்க்காத பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. இரும்பு பம்பருக்கு நீங்கள் அடிக்கும் மிகப் பயனுள்ள பெயின்ட், யாருக்கும் தெரியாத உட்புறத்துக்கும் அதைத் தாங்கும் பிரக்கட்டுக்கும் அடிக்கும் துருத்தடுப்புப் பெயின்ட்டே. அதற்கு ஆகும் செலவும் குறைவு. முன்புறத்தின் பளபளப்பு அதற்குப் பிறகு யோசிக்க வேண்டிய விடயம்.

எதற்காகப் பெயின்ட்?

மூன்று நோக்கங்கள் இருக்கலாம். மூன்றுக்கும் மூன்று விடை.

காரை இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால், நீடிப்பதே முக்கியம். மலிவான வேலை உங்களுக்கு நட்டம். நல்ல முறையில் ஒரு தடவை செய்யுங்கள், அல்லது சுத்தம் செய்து மெழுகு பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹயருக்கு ஓட்டுகிறீர்கள் என்றால், தோற்றமும் வருமானத்தில் ஒரு பங்குதான். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலைப் பருவத்தில் ஹட்டன் ரயில் நிலையத்தில் இறங்கி நல்லதண்ணிக்கு வாகனம் தேடுபவரும், ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியா வரும் குடும்பமும் முதலில் பார்ப்பது வெளித்தோற்றத்தைத்தான். ஆனால் அவர்கள் எதிர்பார்ப்பது துப்புரவான, ஒழுங்கான வாகனம். புத்தம் புது வாகனத்தை அல்ல. ஒரே சீரான கறுப்பு நிறமும் நேராகப் பொருத்தப்பட்ட பம்பரும் அதற்குப் போதும்.

விற்கப் போகிறீர்கள் என்றால், பொதுவாகப் பெயின்ட் அடிக்காமல் இருப்பதே இலாபம். பழைய கார் வாங்குபவர் ஒரிஜினலைத் தேடுகிறார். வெளுத்த பம்பரைக் கண்டால் அவர் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்பார். புதிதாகப் பெயின்ட் அடித்த பம்பரைக் கண்டாலோ, 'எங்காவது அடிபட்ட வாகனமோ' என்று சந்தேகிப்பார். சந்தேகம் வந்தால் குறைவது பம்பரின் விலை மட்டுமல்ல, முழுக் காரின் விலையும்தான்.

குரோமை மறைக்க அவசரப்பட வேண்டாம்

குரோம் பகுதிகளுக்கெல்லாம் கறுப்பு அடிப்பது இப்போது இளைஞரிடையே ஒரு நாகரிகம். ஒருகாலத்தில் இது பற்றாக்குறையின் அடையாளமாக இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஜனவரி முதல் அமெரிக்கக் கார்களில் அலங்காரக் குரோம் தடை செய்யப்பட, பம்பர் தவிர்ந்த ஏனைய பகுதிகளுக்குப் பெயின்ட் அடித்தே கார்கள் வெளிவந்தன. போருக்கு அந்த உலோகங்கள் தேவைப்பட்டதே காரணம்.

பெயின்ட் அடித்த குரோமைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவது கடினம். வழுவழுப்பான குரோமின் மேல் பெயின்ட் பிடிக்காது. பிடிக்க வைப்பதற்காக வோட்டர் பேப்பரால் தேய்த்து, அரிக்கும் தன்மையுள்ள பிரைமர் பூச வேண்டும். அலங்காரக் குரோம் படலம் ஒரு மைக்ரோனுக்கும் குறைவானது. மனிதனின் தலைமயிரோ சுமார் 70 மைக்ரோன். அவ்வளவு மெல்லிய படலத்தைத் தேய்த்துவிட்டால் பிறகு மனம் மாறினாலும் பழைய பளபளப்பு வராது. மீண்டும் முலாம் பூசத்தான் வேண்டும். பழையதை நீக்கி, பொலிஷ் செய்து, செம்பு, நிக்கல், குரோம் என்று அடுக்கடுக்காகப் பூசும் அந்த வேலை பெயின்ட்டை விடப் பல மடங்கு செலவு.

ஆகவே இந்த ஒழுங்கில் செல்லுங்கள். முதலில், சமையலறை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். மேலோட்டமான துரு பெரும்பாலும் இதிலேயே போய்விடும். கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் மெழுகு பூசுங்கள். கறுப்பு நிறந்தான் வேண்டும் என்றால் பெயின்ட்டுக்குப் பதிலாக வினைல் ஸ்டிக்கர் ஒட்டலாம். பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். துரு குழி விழுந்து, படலம் உரிந்து, தகடே அரிக்கப்பட்டிருந்தால் மட்டும் பெயின்ட்டா, முலாமா என்ற கேள்விக்கு வாருங்கள். துருவை முழுதாக நீக்காமல் அதன் மேல் பெயின்ட் அடித்தால், உள்ளே துரு வளர்ந்து ஓரிரு மழைக்காலத்தில் கொப்புளமாக வெளியே வரும்.

கறுப்பு பிளாஸ்டிக்: ஒட்டுவதுதான் பிரச்சினை

பம்பர் பிளாஸ்டிக்கில் பெரும்பாலானது பொலிப்ரொப்பிலீன் வகை. எதுவும் எளிதில் ஒட்டாத இயல்பு அதற்கு. கடையில் வாங்கிய ஸ்ப்ரே டின்னை நேராக அடித்தால், சில மாதங்களில் பாம்புச் சட்டை போல உரிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஒழுங்கான முறை இதுதான்: சவர்க்காரம் போட்டுக் கழுவுதல், எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவத்தால் துடைத்தல், மெல்லிய பேப்பரால் தேய்த்தல், பிளாஸ்டிக்குக்கென உள்ள ஒட்டுப் பிரைமர், அதன்பின் நிறம், இறுதியாகக் கிளியர். பம்பர் வளையக் கூடியது என்பதால் பெயின்ட்டிலும் வளையும் தன்மைக்கான கலவை சேர வேண்டும். இல்லாவிட்டால் சின்ன இடியிலேயே வெடிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சேர்விஸ் நிலையங்களில் கழுவி முடித்ததும் டயருக்கும் பம்பருக்கும் ஒரு பளபளப்புத் திரவம் பூசுவார்கள். அதில் பல சிலிக்கோன் கலந்தவை. சிலிக்கோன் பட்ட இடத்தில் பெயின்ட் சீராகப் பரவாமல் மீன்கண் போலச் சிறு குழிகள் விழும். பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சில மாதங்களுக்கு முன்பே அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

பெயின்ட் அவசியமா என்பதையும் யோசியுங்கள். வெளுத்த பிளாஸ்டிக்குக்கென்றே உள்ள மீட்புத் திரவங்களும் சாயங்களும் கிடைக்கின்றன. சில மாதங்களுக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டியிருக்கும். ஆனால் அவை உரிவதில்லை, கல் பட்டாலும் வடு தெரிவதில்லை. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா, பொகவந்தலாவ பக்கம் தோட்டப் பாதைகளில் தினமும் ஓடும் வாகனத்தின் முன் பம்பரில் கல் படாமல் இருக்காது. பெயின்ட் அடித்த பம்பரில் ஒவ்வொரு கல்லும் ஒரு புள்ளி. நிறம் ஊறிய பிளாஸ்டிக்கில் அது அவ்வளவாகத் தெரியாது. அத்தகைய வாகனத்துக்குப் பெயின்ட்டை விடத் திரவமே பொருத்தம்.

பாஸிடம் கேட்க வேண்டியவை

காற்றின் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டும் வேளையிலும், உலோகத்தின் வெப்பநிலை பனி படியும் நிலையை விட 3 பாகை செல்சியஸ் கூட இல்லாத வேளையிலும் பெயின்ட் அடிக்கக் கூடாது என்பது பெயின்ட் துறையின் பொதுவான விதி. சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில் உள்ள நுவரெலியாவில், மூடுபனி இறங்கும் பின்னேரத்தில் திறந்த கொட்டிலில் அடித்தால் பெயின்ட்டில் வெண்மை படர்ந்துவிடும். ஜனவரி முதல் மார்ச் வரையான வரண்ட நாட்களில், முற்பகலில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். அல்லது கிரில், கண்ணாடி மூடி போன்றவற்றை மட்டும் கழற்றி, கம்பளை, கண்டி போன்ற உஷ்ணம் கூடிய இடத்தில் உள்ள நல்ல கராஜுக்கு அனுப்பலாம். வாகனம் வீட்டிலேயே நிற்கும்.

கூலி, பொருள் இரண்டுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். எத்தனை மணி நேரம் தேய்ப்பார், எந்தப் பிரைமர் போடுவார் என்று கேளுங்கள். நிறத்தைப் பற்றி மட்டும் பேசுபவரை விட, தேய்ப்பதைப் பற்றிப் பேசுபவரே நல்ல பாஸ். முதலில் பம்பரின் மறைவான ஓரத்தில் சிறிதளவு அடிக்கச் சொல்லி, சில நாள் காயவிட்டு, பிளேட்டால் கட்டம் கட்டமாகக் கீறி, டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். பெயின்ட் கழன்று வந்தால் முழு வேலையும் அப்படித்தான் முடியும்.

அடிப்பவரின் உயிரும் முக்கியம். இரண்டு டின் கலந்து அடிக்கும் வகையின் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேட் என்ற இரசாயனம் நிரந்தர ஆஸ்துமாவைத் தரக்கூடியது. துணி முகமூடி அதைத் தடுக்காது. உரிய பாதுகாப்பு இல்லாத இடத்தில் 'மலிவாக முடிந்தது' என்று நாம் மகிழும்போது, அந்த மிச்சத்தைக் கட்டுவது ஓர் ஏழைத் தொழிலாளியின் நுரையீரல்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். வாகனத்தின் நிறம் பதிவுச் சான்றிதழில் உள்ளது. பம்பர், கண்ணாடி மூடி என்று தொடங்கி கூரை, பொனட் என்று நிறம் மாறிப் போனால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்திக்கொள்ள வேண்டும். விளக்குகள், பின்புறச் சிவப்புப் பிரதிபலிப்பான்கள் மீது பெயின்ட்டோ கறுப்பு ஸ்டிக்கரோ படவே கூடாது. நானுஓயாப் பக்கத்து மூடுபனியில், பின்னால் வருபவருக்கு உங்களைக் காட்டுவது அவைதான்.

வருடக் கணக்கு

விலையை மொத்தமாகப் பார்க்காமல் வருடத்துக்குப் பிரித்துப் பாருங்கள். கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணம் சொல்வோம். ஒருவர் 12,000 ரூபா கேட்கிறார், வேலை ஒன்றரை வருடம் நிற்கிறது. வருடத்துக்கு 8,000. இன்னொருவர் 25,000 கேட்கிறார், ஐந்து வருடம் நிற்கிறது. வருடத்துக்கு 5,000. நீங்களே வருடத்துக்கு 3,000 ரூபாவுக்குத் திரவம் வாங்கிப் பூசிக்கொண்டால் அது எல்லாவற்றையும் விடக் குறைவு, உழைப்பு மட்டும் உங்களுடையது. ஹயர் வாகனம் என்றால் கராஜில் நிற்கும் நாட்களின் வருமான இழப்பையும் இதில் கூட்ட வேண்டும். மலிவு என்று தெரிந்தது பலவேளை மிகக் கூடிய விலையாக முடிவதை இந்தக் கணக்கு காட்டிவிடும்.

இதற்கும் முன்னர் ஒரு கேள்வி உண்டு. பிரேக், டயர், வைப்பர் மூன்றும் சரியாக இருக்கின்றனவா? ரம்பொடை வளைவுகளில் உங்கள் குடும்பத்தைக் காப்பது பம்பரின் நிறமல்ல. அவற்றுக்குப் போக மிஞ்சும் காசுதான் அலங்காரத்துக்கான காசு.

பெயின்ட்டும் நேர்மையும்

அலங்கரிப்பது வேறு, மறைப்பது வேறு. விற்பதற்கு முன்னர் வாகனத்தைக் கழுவி, கட் அன்ட் பொலிஷ் செய்து அழகாக நிறுத்துவதில் எந்தத் தவறும் இல்லை. வெடித்த பம்பருக்குப் பட்டி வைத்து, துருவின் மேல் பெயின்ட் அடித்து, 'கம்பனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது' என்று சொல்வது மோசடி. மழையில் நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து வைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் எமது வர்த்தகர் அனைவரும் அறிந்ததே. மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமல்ல. ஈரத்தை வாங்குபவரின் கண்ணுக்கு எட்டாமல் வைத்ததே குற்றம். மலைநாட்டு மழையில் கார் துருப்பிடிப்பதும் எவருடைய குற்றமும் அல்ல.

நடைமுறையில் இதற்கு வழி எளிது. பெயின்ட் அடிக்கும் முன்னர் பழைய நிலையைப் படம் எடுத்து வையுங்கள். கராஜ் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். கழற்றிய ஒரிஜினல் பீடிங்கையும் எம்பளத்தையும் குப்பையில் போடாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். வாங்க வருபவரிடம் அவற்றைக் காட்டி, 'இது வெளுத்திருந்தது, இப்படிச் செய்தோம்' என்று சொல்லுங்கள். அடிபட்டதோ என்ற சந்தேகம் அங்கேயே தீரும். சிறு நகரங்களில் ஒருவரின் பேச்சு வெகுதூரம் போகும். இன்று கார் வாங்கியவர் நாளை உங்கள் கடைக்கும் வருவார்.

சுருக்கமாகச் சொன்னால் கழுவுதல், திரவம் அல்லது மெழுகு, ஸ்டிக்கர், பெயின்ட், முலாம் என்பதே சரியான வரிசை. ஒவ்வொரு படியிலும் நின்று, 'இதுவே போதுமா?' என்று கேளுங்கள். பெரும்பாலான பழைய கார்களுக்கு முதல் இரண்டு படிகளே போதுமானவை. மிஞ்சும் பணத்தில் பம்பரின் உட்புறத்துக்கு ஒரு டின் துருத்தடுப்புப் பெயின்ட் வாங்கிக்கொள்ளுங்கள்.